நல்லதண்ணி பஸ்ஸில் ஏறிய பங்களா அப்பு

போன வாரம் என் மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே பெருமூச்சு விட்டாள். என்ன என்று கேட்டால், "பத்து நாளா கதை அப்படியே நிக்குதுப்பா" என்றாள். போனைத் திருப்பிக் காட்டினாள். இணையத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடுகிறார்களாம். ஒருத்தி கனடாவில், ஒருவன் மலேசியாவில், மற்றவர்கள் எங்கே என்று இவளுக்கே தெரியாது. ஆளுக்கொரு வேடம். ஒருவர் தன் வேடம் சொன்னதையும் செய்ததையும் எழுதிப் போட, அடுத்தவர் அதற்குப் பதில் எழுத, கதை நகருமாம். இப்போது மந்திரவாதியாக எழுதிய பையனைக் காணோம். மந்திரவாதி ஒரு பாலத்தின் நடுவில் கையைத் தூக்கியபடி நிற்கிறார். அவர் கையை இறக்கினால்தான் மற்றவர்கள் அக்கரைக்குப் போகலாம்.

"அவர நல்லதண்ணிக்கு அனுப்பிரு" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. உங்களுக்கும் விளங்கியிருக்காது. ஆனால் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் ஒரு வாசம் மூக்கில் ஏறியது பாருங்கள்: பழுப்புத் தாள், கோதுமை மாப் பசை, அதற்கு மேலே கொஞ்சம் கற்பூரமும் வடைச் சட்டி எண்ணெயும். எத்தனையோ வருடமாக வராத வாசம். சோறு ஆறிப்போகும் வரை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

இந்த விளையாட்டை நாங்கள் எட்டு வருடம் விளையாடினோம். எழுபதுகளின் நடுவில் தொடங்கி எண்பதுகளுக்குள் வந்து நின்றோம். எங்களிடம் இருந்தது ஒரு கொப்பியும், அதாவது ஒரு நோட்டுப் புத்தகமும், தபாலும்தான்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு பள்ளி விடுதி. மழை பிடித்தால் ஒரு வாரத்துக்கு விடாது. சட்டை காயாது, விளையாட்டுத் திடலில் கால் வைக்க முடியாது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டிலில் குறுக்காகப் படுத்துக்கொண்டு முத்துவேல் கேட்டான்: "தொரையே இல்லாத தோட்டம் எப்புடிடா இருக்கும்?" வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. பெரியவர்கள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் கேட்டுக்கொண்டோம்.

"யாரு பெரட்டுக் கூப்புடுவா?" என்றான் அந்தோணி. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு.

"யாரும் கூப்புட மாட்டாங்க."

"அப்ப வேலைக்குப் போவாங்களா, மாட்டாங்களா?"

"அதான் தெரியல."

அந்த 'அதான் தெரியல'தான் எல்லாவற்றுக்கும் விதை. அன்றைக்கே ஒரு கொப்பியை எடுத்து, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு தேயிலைத் தோட்டத்தை உண்டாக்கினோம். ஒன்பதாம் டிவிஷன் என்று பேர். துரை லீவில் போனவர் திரும்பி வரவில்லை. அந்தோணி துரை பங்களாவின் சமையல்காரரானான். எங்கள் பக்கத்தில் பங்களாச் சமையல்காரரை அப்பு என்போம். துரை போன பிறகும் தினமும் மேசைக்குத் துணி விரித்து, தட்டு வைத்து, ஆறிய சூப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகும் அப்பு. முத்துவேல் லொறி டிரைவர். கிருபை என்ற இன்னொருவன் மருந்து கலக்கும் டிஸ்பென்சர். எனக்கு வேடம் இல்லை. மழை, சிறுத்தை, கடிதம், வழிப்போக்கர், கொழுந்து கருகுவது, பாலம் உடைவது எல்லாம் என் பொறுப்பு. தினமும் ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுப்பதால் என்னைக் கணக்கப்பிள்ளை என்றார்கள்.

அந்த வேலை எனக்குப் பொருந்தியது என்றுதான் சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அதனாலேயே எனக்கு எதிலும் ஒரு விறைப்பு. விளையாட்டைக்கூடச் சட்டம் போட்டு, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டுத்தான் விளையாடுவேன். முதல் கொப்பியின் முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: தன் ஆளைத் தவிர இன்னொருவர் ஆளின் கையையோ வாயையோ யாரும் அசைக்கக்கூடாது. 'டிரைவர் பயந்தான்' என்று அப்பு எழுத முடியாது. பயந்தானா இல்லையா என்பதை டிரைவர்தான் எழுதவேண்டும். யாரையும் யாரும் சாகடிக்கவும் கூடாது.

சட்டம் போட்டேனே தவிர, எனக்குக் கதை கட்டத் தெரியாது. மூன்றாம் நாளே கைவசம் இருந்தது தீர்ந்துவிட்டது. அவசரத்துக்கு, 'பங்களாவில் ஒரு அறை பூட்டிக் கிடக்கிறது' என்று எழுதிவைத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அந்தோணி சும்மா இருப்பானா? மறுநாள் எழுதினான்: 'அதன் சாவி என் மடியில் இருக்கிறது. திறக்க மாட்டேன் என்று துரைக்குச் சத்தியம் செய்திருக்கிறேன்.' அறை என்னுடையது, சாவி அவனுடையது. இரண்டு பேரும் சம்மதிக்காமல் அந்தக் கதவு திறக்காது. அது எவ்வளவு நல்ல பூட்டு என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

பரீட்சை முடிந்தது, பிரிந்தோம். எனக்கு உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்தோணி பொகவந்தலாவைக்கு மேலே உள்ள தன் தோட்டத்துக்கே போனான். முத்துவேல் மலையடிவாரத்து நல்லதண்ணியில் அவன் அண்ணனோடு சேர்ந்து கடை போட்டான். சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் வரும் மாதங்களில் டீயும் வடையும் கற்பூரமும், மற்ற மாதங்களில் தோட்ட வேலை. கொப்பி மட்டும் சுற்றத் தொடங்கியது. என்னிடமிருந்து பொகவந்தலாவை, அங்கிருந்து நல்லதண்ணி, அங்கிருந்து என்னிடம். கிருபை பண்டாரவளைப் பக்கம் போனதால் அங்கேயும் ஒரு சுற்று. முழுதாக ஒரு வலம் வர ஒரு மாதமாகும். மண் சரிந்து பாதை அடைபட்டால் இரண்டு மாதம்.

கொப்பி திரும்பி வந்ததும் நான் முதலில் செய்வது முகர்ந்து பார்ப்பது. சிரிக்காதீர்கள். முத்துவேல் பக்கங்களில் வடை எண்ணெய் வட்டம் வட்டமாக ஊறியிருக்கும். பொகவந்தலாவைப் பக்கங்களில் விறகுப் புகை. ஒருமுறை இரண்டு தாளுக்கு நடுவில் ஒரு அட்டை நசுங்கிக் காய்ந்திருந்தது, இரத்தத்தோடு, அரக்கு முத்திரை வைத்த மாதிரி. என் பக்கங்களில் சோக்கட்டித் தூள் என்று முத்துவேல் எழுதுவான்: 'கணக்கப்பிள்ளை தும்மல் வரவழைக்கிறார்.'

எங்கள் தபாற் கந்தோரில் ஒரு சிங்கள போஸ்ட் மாஸ்டர் இருந்தார். முதல் தடவை பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்து, "மேக்க மொகக்த மாத்தயா?" என்று கேட்டார், இது என்ன என்று. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "கதாவக்" என்றேன். ஒரு கதை. அவர் தலையாட்டினார். ஆனால் அடுத்த மாதமும் அதே பொட்டலம், அதற்கடுத்த மாதமும். ஒரு வருடம் போன பிறகு மனிதருக்குத் தாங்கவில்லை. "தவம இவர நெத்த?" என்றார். இன்னும் முடியலையா? அதன் பிறகு அதுவே எங்கள் வணக்கமாகிவிட்டது. அவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் முத்திரை குத்துவார்.

முடியாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டாம் வருடம் கிருபை எழுதுவதை நிறுத்திவிட்டான். கொப்பி அவனிடம் போய் மூன்று மாதம் கிடந்து, ஒரு வரிகூட இல்லாமல் திரும்பி வந்தது. கதையிலோ டிஸ்பென்சர் டிரைவரின் காலில் ஊசி குத்தக் குனிந்த நிலையில் இருக்கிறார். சட்டப்படி அவர் கையை வேறு யாரும் அசைக்க முடியாது. என் மகளின் மந்திரவாதிக்கு ஒரு தம்பி மாதிரி நின்றார் மனிதர்.

முத்துவேல்தான் வழி கண்டான். 'டிஸ்பென்சர் ஐயாவை நல்லதண்ணி பஸ்ஸில் ஏற்றிவிடு. மலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். யார் மலைக்குப் போனாலும் யாரும் தடுக்க முடியாது, எப்போது வருவார் என்றும் கேட்க முடியாது.' என்ன நேர்த்தியான யோசனை! பஸ் என் பொறுப்பு அல்லவா? பஸ்ஸை நான் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் ஏறினார் என்று மட்டும் எல்லோரும் சம்மதித்து எழுதிக்கொண்டோம். அன்றிலிருந்து அது சட்டமானது. எழுத முடியாமல் போனவரின் ஆளைச் சாகடிப்பதில்லை, நல்லதண்ணிக்கு அனுப்புவது. எழுத்து திரும்பினால் ஆளும் திரும்பலாம். முத்துவேல் நிஜமாகவே அங்கே இருந்தபடியால் அவர்களைத் தன் பக்கங்களில் பார்த்துக்கொண்டான். 'டிஸ்பென்சர் ஐயா இன்றைக்கும் கடையில் உட்கார்ந்து பிளேன் டீ குடிக்கிறார். மூக்கில் சளி.' நாங்கள் விளையாடிய கடைசி வருடம் வரைக்கும் கிருபையின் டிஸ்பென்சர் அந்த பெஞ்சில் டீ குடித்துக்கொண்டேதான் இருந்தார்.

இனி அந்தோணியின் அப்புவுக்கு வருகிறேன்.

மூன்றாம், நான்காம் வருடங்களில் அப்பு மாறத் தொடங்கினார். முன்பெல்லாம் அந்தோணி அரைப் பக்கம் எழுதுவான். சூப்பு, கோழி, துரையின் சப்பாத்து, அவ்வளவுதான். இப்போது ஐந்து பக்கம், ஆறு பக்கம். அதுவும் எப்படி! பங்களா ஜன்னலில் நின்று மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களைப் பார்க்கிற அப்பு எழுதுகிறார்: 'கூடைக் கயிறு தலையில் பதிகிற இடத்தில் முடி மெலிந்துபோகும். சீப்பு அங்கே வழுக்கும். அந்த இடத்தைத்தான் அவர்கள் முந்தானையால் மூடுகிறார்கள், வெயிலுக்காக இல்லை.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அம்மா முப்பது வருடம் கூடை சுமந்தவள். நான் பார்த்ததில்லை. பங்களாவில் கோழி வறுக்கிற மனிதருக்கு இது எப்படித் தெரியும்?

கையெழுத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். அந்தோணிக்குக் காதல் ஏதும் வந்துவிட்டதோ என்றுகூட ஒரு ஆராய்ச்சி.

ஒரு பாடசாலை விடுமுறையில் ஹட்டன் பஸ் நிலையத்தில் அவனையே பார்த்தேன். கையில் ரோல்ஸ், தோளில் பை.

"என்னடா அப்பு, கொன்னுட்டியேடா! அந்தக் கயிறு விசயம் எங்கடா புடிச்ச?"

"எந்தக் கயிறு?"

"கூடக் கயிறுடா."

ரோல்ஸைக் கடிப்பதை நிறுத்தினான். "அது நான் இல்லடா. நான் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயி ரெண்டு வருசமாச்சு. கொப்பியத் தொட்டே ரெண்டு வருசம்."

"அப்ப யாருடா எழுதுறது?"

"ஸ்டெல்லா. என் தங்கச்சி. லீவுல வந்து பாக்குறேன், அடுப்படியில ஒக்காந்து எழுதிக்கிட்டிருக்கா. ஏண்டின்னா, 'நீ எழுதலன்னா அப்புவ நல்லதண்ணிக்கு அனுப்பிருவாங்க, அந்த டிஸ்பென்சரு பக்கத்துல ஒக்காந்து காலம் பூரா டீ குடிக்கணும்'ங்கிறா."

"டேய்! ஓரத்துல ஒன்னையத் திட்டியெல்லாம் எழுதியிருக்கேனேடா!"

"ம், படிச்சிட்டுச் சிரிச்சா. 'கணக்கப்பிள்ளைக்கு மழையத் தவிர வேற ஒண்ணும் எழுத வராது'ன்னா."

அவன் பஸ்ஸில் ஒரு காலை வைத்தபடி சொன்னான்: "தெரிஞ்சதாக் காட்டிக்காத. கொப்பி என் பேருக்கு வருது, அவ அத எனக்குக் கொழும்புக்கு அனுப்புறான்னு அப்பா நெனச்சுக்கிட்டிருக்காரு."

ஸ்டெல்லா எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்துக்குப் போகிறாள். நான் அவளை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், இரண்டு தடவையும் பீலிக்கரையில், தண்ணீர்க் குடத்தோடு. நீங்கள் கேட்கப்போவது தெரியும். உண்மையைச் சொன்னால், எனக்கு முகம்கூடச் சரியாக ஞாபகம் இல்லை. என்னைப் பிடித்தாட்டியது வேறு. இவ்வளவு எழுதுகிற ஒருத்தி அண்ணன் பேரில் ஒளிந்துகொண்டு எழுதுகிறாளே என்ற நியாய வெறி. பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்ற திமிரும் அதில் கலந்திருந்தது என்று இப்போது தெரிகிறது.

மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு பள்ளிப் படிப்பை முடிக்கும் சாதாரண தரப் பரீட்சையைத் தனியாக எழுதுவதற்கான விண்ணப்பப் பாரம் ஒன்றை வாங்கி, இரண்டு வரிக் கடிதத்தோடு உறையில் வைத்தேன். உறைக்கு மேல் 'செல்வி ம. ஸ்டெல்லா' என்று பெரிய எழுத்தில் எழுதி, ரூலர் வைத்து அடிக்கோடும் போட்டேன். பின்பக்கம் என் பேர், பாடசாலைப் பேர், எல்லாம். நேர்மையாக இருக்கவேண்டும் அல்லவா?

நான் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் பிறந்தவன். தோட்டத்தில் தப்பால் எப்படி வந்து சேரும் என்று எனக்குத் தெரியாதா? தப்பால் பை கந்தோருக்கு வரும். அங்கிருந்து கட்டாக எடுத்துக்கொண்டு போய், மலையில் கொழுந்து நிறுக்கிற இடத்தில், அத்தனை பேருக்கும் முன்னால் கண்டாக்கு ஐயா பேரைக் கூவிக் கொடுப்பார். மலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தருக்கு எங்கள் பக்கத்தில் கண்டாக்கு என்று பேர். யாருக்குக் கடிதம், எந்த ஊர்க் கடிதம் என்று மலைக்கே தெரியும். விடுதியிலும் பாடசாலையிலும் பத்து வருடம் கையில் நேராகக் கடிதம் வாங்கிப் பழகிய எனக்கு, அது துடைத்துவிட்டாற்போல் மறந்துபோயிற்று.

அன்று நடந்ததைப் பின்னால் அந்தோணி சொன்னான். கண்டாக்கு ஐயா உறையைத் தூக்கிப் பிடித்துக் கூவினாராம்: "ஸ்டெல்லா! ஏம்மா ஸ்டெல்லா! ஒனக்குக் காயிதம்! உடப்புசல்லாவையிலேருந்து ஒரு மாஸ்டரு போட்டிருக்காரு!"

நிறுக்கிற இடம் முழுக்கச் சிரிப்பு. "யாருடி அந்த மாஸ்டரு? எங்களுக்கும் ரெண்டு எழுத்துச் சொல்லிக் குடுப்பாராமா?" "கோடெல்லாம் போட்டு அனுப்பியிருக்காருடி, கோணாம வரணுமாம்!" கல்யாணமாகாத பெண்ணுக்கு ஆம்பிளைக் கையெழுத்தில் வந்த கடிதம். அவள் வாங்க வரவில்லையாம். கூடையை மாட்டிக்கொண்டு தேயிலை நிரைக்குத் திரும்பிவிட்டாளாம். கடிதம் அவள் அப்பா கைக்குப் போனது.

நான்காம் நாள் வகுப்பில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு பழைய கோட்டு, காலரில் மாட்டிய குடை. அந்தோணியின் அப்பா மரியதாஸ். வேலைக்குப் போகாமல், பொகவந்தலாவையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். பிள்ளைகளுக்கு எழுத வேலை கொடுத்துவிட்டு வெளியே போனேன். எப்போதும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு அந்த மாமா தொண்டையில் வந்து, அதன் மற்ற அர்த்தமும் கூடவே வந்து, இரண்டும் அங்கேயே சிக்கிக்கொண்டன. "வாங்கய்யா" என்றேன்.

கோட்டுக்குள்ளிருந்து உறையை எடுத்தார். பிரிக்கவே இல்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க மாஸ்டர். லயத்துல வாசிக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க. ஒருத்தருகிட்ட குடுத்தா லயமே வாசிச்ச மாதிரி. மகள வாசிக்கச் சொன்னா, அவ வாசிக்கிறதுதான் இதுல இருக்கான்னு நான் எப்புடிக் கண்டேன்? அதான், எழுதுனவரு வாயாலயே கேட்டுட்டுப் போயிருவோமுனு வந்தேன்."

"நான் மாத்தி வாசிச்சா?" என்று கேட்டுவிட்டேன். என் நேர்மை பாருங்கள்.

"மாத்தி வாசிச்சா மொகத்துல தெரியும்."

வாசித்தேன். 'நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள். சாதாரண தரப் பரீட்சையை வீட்டிலிருந்தே படித்து எழுதலாம். விண்ணப்பம் இணைத்துள்ளேன்.' அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தாங்க."

"இதுக்கா எம் புள்ள நாலு நாளா சோறு திங்காம கெடக்கா?" குரல் உடைந்தது. கோபமா என்று தெரியவில்லை. பிறகு துணிப் பையிலிருந்து எங்கள் கொப்பியை எடுத்தார். "நன்றாக எழுதுறான்னு எழுதியிருக்கீங்களே, இதத்தானா? இதுவும் ஒங்க ஊர்லேருந்துதான வருதுன்னு நேத்து அடுப்புல போடப் போனேன். அப்பத்தான் கையப் புடிச்சா. அதுவரைக்கும் காயிதத்தப் பத்தி ஒரு வார்த்த பேசாதவ, 'இதப் போட்டீங்கன்னா நான் மலைக்குப் போகமாட்டேன், எங்கயும் போகமாட்டேன்'னா. இதுல என்னாதான் இருக்கு? வாசிங்க."

பிள்ளைகளை அன்றைக்கு நேரத்தோடு விட்டேன். பெஞ்சில் அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. அப்புவின் பகுதியைத் திறந்தேன். 'மழை நாளில் வேலை விட்டு வருகிறவர்களைப் பங்களா அடுப்படிக்குள் விடுகிறேன். துரை இருந்தால் நடக்காது. விறைத்த கையை நெருப்பில் காட்டினால் முதலில் சூடு தெரியாது. விரலில் ஏறிய கொழுந்துக் கறைதான் மணக்கும். இந்த அடுப்பின் மூன்றாவது கல் ஆடும். ஒரு தகரத் துண்டு அண்டக் கொடுத்திருக்கிறது.'

"நிறுத்துங்க. தகரமா?"

"ஆமாங்க."

"அது நான் வச்ச தகரம்." பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார். "தொர பங்களாவுல கொண்டுபோயி வச்சிருக்காளா, கழுத!"

நான் நிறுத்தினேன். அவர் கையை ஆட்டினார். "ம், அப்புறம்?"

அந்த 'அப்புறம்' வந்ததும் எனக்கு உயிர் வந்தது. வாசித்தேன். அப்பு டிரைவரோடு சண்டை போட்டது, சிறுத்தை கோழிக்கூட்டுக்கு வந்தது, அப்புறம், அப்புறம். மூன்றரை மணி பஸ் போய்விட்டது. "போகட்டும், அடுத்ததுல போறேன்" என்றார். கொப்பி முடிந்தபோது குடையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பூட்டுன அறையில என்னா இருக்கு?"

"எனக்குத் தெரியாதுங்க."

"நீங்கதான கணக்கப்பிள்ள?"

"ஆமாங்க. ஆனா தெரியாது."

"என்னா இருக்குன்னு தெரியாமயா இத்தன வருசம் பூட்டி வச்சிருக்கீங்க?" என்றார். எந்தப் பள்ளி ஆய்வாளரும் என்னிடம் இவ்வளவு கடுமையாகக் கேட்டதில்லை.

புறப்படும்போது தீர்ப்புச் சொன்னார். "அவ பேருக்கு இனி காயிதம் வரக்கூடாது. அந்தோணி பேருக்கும் வேணாம். கொப்பி என் பேருக்கு வரட்டும். மரியதாஸ், மேல் லயம்."

"ஒங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு தோட்டத்துக்கே தெரியுமேங்க?"

"தெரிஞ்சா என்னா? என் பேருக்கு வர்றத எவன் கேக்குறது? அவ எனக்கு வாசிச்சுக் காட்டட்டும். எழுதுறதுக்கு முந்தி ஒருக்கா, எழுதுன பொறகு ஒருக்கா." விண்ணப்பப் பாரத்தை நான்காக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்க நான் துணியவில்லை.

அடுத்த மாதம் கண்டாக்கு ஐயா பொட்டலத்தைத் தூக்கி, "மரியதாஸ்! ஒனக்குப் பொஸ்தகம் வந்திருக்கு! பரீச்ச எழுதப் போறியா?" என்று கூவ, "ஆமாங்கய்யா, பாசாயிட்டா ஒங்க வேலதான்" என்று இவர் சொல்ல, மலை முழுதும் சிரித்ததாம். அதோடு அந்தக் கடிதப் பேச்சு கரைந்துபோனது.

எனக்கு மட்டும் தண்டனை பாக்கியிருந்தது. கொப்பி திரும்பி வந்தபோது அப்பு எழுதியிருந்தார்: 'பங்களாவுக்கு ஒரு மாஸ்டர் வந்தார். நல்ல மனிதர். கதவைத் தட்டத் தெரியவில்லை. சூப்பு ஆறிவிட்டது, அதையே கொடுத்தேன்.' அந்த வரியை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

இன்னும் மூன்று வருடம் ஓடியது. அவைதான் எங்கள் நல்ல வருடங்கள். சில இடங்களில் எனக்குப் புதிதாக ஒரு குரல் கேட்கும். அப்பு திடீரென்று மண்வெட்டிப் பிடி பற்றியோ, முள்ளுக் குத்துவது பற்றியோ நாலு வரி பேசுவார். அது மரியதாஸ் சொல்லி எழுத வைத்தது என்று ஊகித்துக்கொள்வேன்.

பிறகு அவர்களுக்கு இந்தியாவுக்குப் பாஸ்போட் வந்தது. இரு நாட்டு ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பிய அந்த வருடங்களில் ஒவ்வொரு லயத்திலும் ஏதாவது ஒரு காம்பரா வீட்டுக்கு அப்படி வந்துகொண்டிருந்தது. அந்தோணியும் கொழும்பை விட்டு வந்து சேர்ந்துகொண்டான். தலைமன்னார் போய்க் கப்பலேற வேண்டும். கொப்பி அப்போது அவளிடம் இருந்தது. பதினோராவது கொப்பி. முறைப்படி அது நல்லதண்ணிக்குப் போகவேண்டும். முறை தவறி என்னிடம் வந்தது.

போஸ்ட் மாஸ்டர் பொட்டலத்தை நீட்டி, "தவம இவர நெத்த?" என்றார். நான் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அனுப்புனர் இடத்தில், ரூலர் வைத்து அடிக்கோடு போட்டு, 'ம. ஸ்டெல்லா' என்று இருந்தது.

உள்ளே ஒரே ஒரு பக்கம்தான் எழுதியிருந்தாள். 'பங்களாவைக் கூட்டித் துடைத்துவிட்டேன். மேசைத் துணியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை நல்லதண்ணி பஸ்ஸில் ஏறுகிறேன். பூட்டிய அறையின் சாவி என் மடியில் இருக்கிறது. நான் வரும்வரை யாரும் கதவை உடைக்கவேண்டாம் என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லவும்.'

பிறகு நான் மழையை எழுதினேன், வேறென்ன எழுத வரும் எனக்கு? நாலு பக்கம் மழை. முத்துவேல் நல்லதண்ணியிலிருந்து எழுதினான்: 'கடையில் பார்த்தேன். டிஸ்பென்சர் மட்டும்தான் இருக்கிறார். அப்பு இன்னும் வந்து சேரவில்லை.' அடுத்த சுற்றிலும் அதே வரி. அதற்குள் நாட்டின் நிலைமை கெட்டு, தபால் தடுமாறி, முத்துவேலும் கடையை விட்டு நிஜமாகவே லொறி ஓட்டப் போய்விட்டான். இந்தியாவில் மண்டபம் முகாமிலிருந்து அந்தோணி போட்ட ஒரு தபாலட்டை வந்தது: சுகமாக வந்து சேர்ந்தோம், விலாசம் பிறகு. அந்தப் பிறகு வரவில்லை. அந்த விண்ணப்பப் பாரம் நிரப்பப்பட்டதா என்பதும் எனக்குத் தெரியாது. எத்தனையோ ஆட்களை உள்ளே கொண்டுவந்து அந்தக் கதையை நான் ஓட்டியிருக்கலாம். புது அப்பு, புது டிரைவர். ஆனால் சாவி? இன்னொருவர் ஆளின் கையை யாரும் அசைக்கக்கூடாது என்று சிவப்பு மையில் எழுதியவன் நான்.

தலைமன்னார்க் கப்பல் இப்போது இல்லை. போஸ்ட் மாஸ்டர் மாற்றலாகிப் போனார், எந்த ஊர் என்றுகூடக் கேட்டுவைக்கவில்லை. நிறுக்கிற இடத்தில் இப்போது யாரும் பேர் கூவிக் கடிதம் கொடுப்பதில்லை. கூவுவதற்குக் கடிதமும் இல்லை, எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அந்த மேல் லயத்தையும் இடித்துவிட்டார்களாம். மூன்றாவது கல்லும் தகரமும் எங்கே போயிருக்கும் என்று சில சமயம் யோசிப்பேன்.

நேற்று மகள் வந்து சொன்னாள், மந்திரவாதியை நல்லதண்ணிக்கு அனுப்பிவிட்டார்களாம். பாலம் திறந்துவிட்டதாம். "மலேசியாக்காரன் கேக்குறாம்பா, நல்லதண்ணி எங்க இருக்குன்னு."

"என்ன சொன்ன?"

"மலையடிவாரம், அங்க ஒரு டீக்கடை இருக்கு, போனவங்க திரும்பி வர்ற வரைக்கும் பெஞ்சில ஒக்காந்திருக்கலாம்னு சொன்னேன். சரிதான?"

சரிதான் என்றேன். போன சீசனில் நான் அங்கே போய்ப் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. முத்துவேலின் கடை இருந்த இடத்தில் இப்போது பஸ்கள் வந்து திரும்புகின்றன.